அட்டை அக்கா பார்த்த ஐந்து மெஷின்கள்

அட்டை அக்கா ஓய்வு பெறுவதால் அவளுடைய வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி தேர்வு அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். அதே கட்டடத்தில் முப்பத்து நாலு வருஷமாக ஏ.சி. மெக்கானிக் என்று குப்பை கொட்டியவன், அக்காவின் தங்கையைக் கட்டியவன், இவனைவிட யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார் பிரிவு விழா மலரை அச்சுக்குக் கொடுக்கிற எழுத்தர். அக்கா நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு மனுஷனை முப்பத்து மூன்று வருஷம் மனசுக்குள் போட்டு வறுத்துக்கொண்டே இருந்தவளை நல்லவள் என்பதா? ஆனால் அந்த மனுஷன் வறுபட வேண்டியவன்தான். அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. மெஷின் அறையின் பொறுப்பாளர். மரியாதையாக எழுதுங்கள் என்றார்கள், எனக்கு வராது, அவன் என்றுதான் எழுதுவேன். மெஷினுக்காக நான் போடுகிற குளிரில் நாங்கள் எல்லோரும் வெடவெடத்துக்கொண்டு நிற்போம். அவன் மட்டும் சாம்பல் நிறக் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உலாவுவான். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் அதைக் கழற்றமாட்டான். கழற்றினால் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும் என்பாள் அக்கா.

முதல் மெஷின் வால்வு மெஷின். பெரிய வகுப்பறை அளவுக்கு இருக்கும். நாலாயிரம் வால்வுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன விளக்கு. அது கணக்குப் போட்டதைவிடச் சூடு கக்கியதுதான் அதிகம். மூன்று பெரிய ஏ.சி.களை வைத்து நாள் முழுக்க அதைக் குளிப்பாட்ட வேண்டும். பத்து நிமிஷம் குளிர் நின்றால் பட் பட் என்று வால்வு போகும். அதனால் அந்தக் காலத்தில் நான்தான் ராஜா. அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒளிக்கத் தெரியாது. கதவைத் திறந்தால் எந்த வால்வு செத்தது என்று என்னைப் போன்ற ஆளுக்கே தெரியும். கெட்ட குணம், ஞாபகம் என்பதே கிடையாது. இரண்டு அட்டைக்கு முன்னால் என்ன படித்தாய் என்றால் முழிக்கும். எதைக் கொடுத்தாலும் நம்பிவிடும். பச்சைக் குழந்தை என்பாள் அக்கா.

அக்காவின் வேலை அட்டை துளைப்பது. பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்கள் காகிதத்தில் வரும். அவள் விசையைத் தட்டத் தட்ட, கெட்டி அட்டையில் அவை துளைகளாக விழும். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு அட்டை. முன்னால் எண் அட்டை, அதை ஒட்டிப் பின்னால் மதிப்பெண் அட்டை. எல்லாப் பாடத்தையும் போட்டதும் மதிப்பெண் அட்டையில் இடம் தீர்ந்துவிடும், மாணவரின் எண்ணைப் போட வழியில்லை. ஆக, வரிசைதான் எல்லாம். வரிசை கலைந்தால் ஒருவனுடைய மதிப்பெண் இன்னொருவன் தலையில் விழும். மெஷினும் சரிங்க என்று அச்சடித்துக் கொடுத்துவிடும்.

அதற்காக ஒரு வழக்கம் இருந்தது. அட்டைகளை நீளமான தட்டில் நெருக்கி நிறுத்தி, மேல்விளிம்புகளின் மேல் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக நீலக் கோடு ஒன்று இழுப்பார்கள். அது துளைத்தவள் போடுவது. தட்டை வாங்கிக்கொள்கிற மெஷின் அறைக்காரர், நீலக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாங்கின இடத்திலேயே மற்ற இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினாலும் கோடு உடைந்து தெரியும். நீலம் உடைந்து சிவப்பு நேராக இருந்தால் குற்றம் துளைத்தவளுடையது. இரண்டும் உடைந்திருந்தால் வாங்கினவனுடையது. சட்டம் அவ்வளவுதான்.

கோட்டு வாங்கின இடத்தில் கோடு போடமாட்டான். உள்ளே போய்ப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையால் தூக்க வேண்டிய தட்டை மூடியும் போடாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவான். அன்று நான் மூன்றாவது ஏ.சி.யின் அடியில் படுத்திருந்தேன். அதன் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் சொல்லி எழுத்தில் உத்தரவே வந்திருந்தது. நான் ஒரு வாளியை வைத்துவிட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். வாளி நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. கோட்டு வழுக்கினான். அவன் விழவில்லை, தட்டு விழுந்தது. அதிலிருந்த இரண்டாயிரத்தில் நானூறு அட்டைக்கு மேல் தரையில் சிதறின. நான் எழுந்து வந்து, எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் அவனோடு சேர்ந்து பொறுக்கினேன். வந்த வரிசையில் எல்லாவற்றையும் தட்டில் திணித்தான். பிறகு பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, கலைந்த அட்டைகளின் மேல் அலுங்காமல் குலுங்காமல் நேராக ஒரு கோடு இழுத்தான்.

"தட்டு கீழ விழுந்ததைப் பத்தி நீ பேசாதே. நான் வாளியைப் பத்திப் பேசல" என்றான்.

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அட்டைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

ஆறு வாரத்தில் தேர்வு முடிவு வந்தது. வகுப்பில் முதல் வருகிறவன் எல்லாப் பாடத்திலும் தோற்றுப்போனான். பரீட்சைக்கே வராத ஒருவன் சக்கைப்போடு போட்டுத் தேறினான். பெற்றவர்கள் திரண்டு வந்து அலுவலகக் கண்ணாடியை உடைத்தார்கள். மதிப்பெண் காகிதங்களை எடுத்துப் பார்க்கலாம் என்றால் அவை இல்லை. மெஷின் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கோட்டுவே பீற்றிக்கொண்டு, துளைத்த வாரமே கூழாக்க அனுப்பியிருந்தான். மிஞ்சியது தட்டு ஒன்றுதான். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். நீலம் உடைந்திருந்தது, சிவப்பு நேராக இருந்தது. அக்கா மாட்டிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்பேன். அந்தத் தட்டில் அக்காவின் தங்கையுடைய அட்டைகளும் இருந்தன. ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே பொறுக்கப்பட்டதால், சுற்றிலும் இருநூறு பேருக்குத் தப்பாகவும் அவளுக்கு மட்டும் சரியாகவும் வந்துவிட்டது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. தங்கைக்கு எவனுடையதோ நல்ல மதிப்பெண் அட்டையை மாற்றிவைத்து, அதை மறைக்கத்தான் மற்றவர்களுடையதைக் கலைத்திருக்கிறாள் என்று கோட்டு எடுத்துக் கொடுத்தான். மூன்று பேரும் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். நீலக் கோட்டைப் பார்த்து அட்டைகளைத் திரும்ப அடுக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா கெஞ்சினாள். குற்றம் செய்தவள் போட்ட கோட்டை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். இருநூறு பேருக்கு மறுதேர்வு வைத்தார்கள். தங்கையின் தேர்ச்சியை ரத்து செய்து, மூன்று வருஷம் பரீட்சை எழுதத் தடை போட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் பெட்டிகூடக் கட்டி வைத்திருந்த பெண், துணிக்கடையின் பின்னறையில் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனாள், தடை தீர்ந்த பிறகும் அந்தக் கூலியை விட முடியவில்லை. அக்காவுக்கு வேலை தப்பியது. புரோகிராம் எழுதும் பயிற்சிக்கான பட்டியலில் இருந்த அவளுடைய பெயரை மட்டும் அடித்துவிட்டார்கள்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஏ.சி. மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்?

தட்டு தன் கையை விட்டுப் போனபோது சரியாக இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். மிச்சத்தை ஊகிக்க அவளுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. தீர்ப்பு வந்த அன்று துளைப்பு அறைக்கு வந்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"கீழ போட்டது நான்தான்னு அந்த ஆள் தன் வாயால சொல்லணும். நாலு பேருக்கு முன்னாடி. அதுவரைக்கும் நான் இந்த ஆபீசை விட்டுப் போறதா இல்ல."

வேறு ஊருக்கு மாற்றிப் பார்த்தார்கள், மனு மேல் மனுவாகப் போட்டு மறுத்துவிட்டாள். அட்டைதானே, ஒட்டிக்கொண்டால் விடாது என்று கோட்டு சொல்லிச் சிரித்தான். சிரிடா மகனே சிரி என்று எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் எல்லோரும் சிரித்தபோது நானும் பல்லைக் காட்டினேன்.

மூன்று வருஷத்தில் வால்வு மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரான்சிஸ்டர் மெஷினைக் கொண்டுவந்தார்கள். நாலு பீரோ அளவுதான். சூடு கம்மி, அடிக்கடி சாவதில்லை, வேகமும் பத்து மடங்கு. என் மூன்று ஏ.சி.யில் இரண்டைக் கழற்றிவிட்டார்கள். இதற்குச் சந்தேகப்படத் தெரியும். அட்டை வரிசை மாறினால் விளக்கைப் போட்டு நின்றுவிடும், சரிசெய்தால்தான் நகரும். முதல் தடவை அது அப்படி நின்றதைப் பார்த்த அன்று அக்கா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று வெளியே வந்து என்னிடம் கேட்டாள். நான் வடிகட்டியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அதன் கோளாறு வேறு மாதிரி. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பெரிய மனுஷர்களோடு மட்டும்தான் பேசும். பழைய தட்டைப் புது மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லி அக்கா விண்ணப்பம் கொடுத்தாள். கோட்டு அதன் ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதித் திருப்பினான். போதாததற்குப் பழைய முடிவுகளை இருக்கிறபடியே காந்த டேப்பில் ஏற்றச் சொன்னான். அட்டையைச் சந்தேகப்படுகிற மெஷின் டேப்பைச் சந்தேகப்படாது. டேப்பில் ஏறியதுதான் அதற்கு வேதம். தங்கையின் எண்ணுக்கு நேரே ரத்து என்பதும் அப்படியே ஏறியது. பழைய அட்டைகளை எல்லாம் கூழாக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, அக்கா அந்த ஒரு தட்டை மட்டும் படுக்கை விரிப்பில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஒரு தடவை அவர்கள் வீட்டு மின்விசிறி நின்றுபோய் என்னைக் கூப்பிட்டாள். போனேன். தங்கை கூடத்தில் பொத்தான் தைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் துணியிலேயே இருந்தது, வாய் அதுபாட்டுக்குப் பின்னத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தது. நான் விசிறியைத் தப்பாக மாட்டினேன். மறுபடி போகக் காரணம் வேண்டும் என்று வேண்டுமென்றேதான் மாட்டினேன். பாவம் பார்த்தா, பிடித்துப்போயா என்று யாராவது கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நாலாவது விசிறிப் பழுதின்போது அக்காவே சிரித்துவிட்டு, கல்யாணம் பேச என் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்காவின் கட்டிலுக்கு அடியில் அந்தத் தட்டு தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

அடுத்த மெஷின் சிப் என்கிற சில்லு வைத்தது. ஒற்றை அலமாரிதான், ஆனால் அறைக்கு அறை திரை. ஒரே நேரத்தில் நாற்பது பேர் அதனோடு பேசலாம். யார் எப்போது உள்ளே வந்தார், எந்தப் பதிவைத் தொட்டார் என்று எல்லாவற்றையும் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். இதுதான் அதன் பெருமை. அதன் சிறுமை, பாஸ்வேர்டு பெரிதாக இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், சின்னவன் பார்க்க மட்டும்தான் முடியும். கோட்டு அதற்குள் இயக்குநர் ஆகிவிட்டான். அக்கா திரை முன் உட்கார்ந்த முதல் நாளே தங்கையின் பதிவைத் திறந்து பார்த்தாள். அதற்கப்புறம் தினமும் காலையில் திறந்து பார்ப்பாள். மெஷின் அதையும் எழுதிவைத்தது. கோட்டு கூப்பிட்டு, அதில் உனக்கு என்ன வேலை என்று கேட்டானாம். பார்க்கக்கூடாது என்று மெஷின் சொல்லவில்லையே, உங்களுக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவளுக்கு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார்கள்.

என்னை வராந்தாவில் பார்த்தால் மட்டும் அவன் நிற்பான். "என்னப்பா, தண்ணி எதுவும் சொட்டலையே?" என்று தோளைத் தட்டுவான். இல்லைங்க என்பேன், சிரிப்பேன். பன்னிரண்டு வருஷம் அப்படிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவனை விட்டுவிட்டு என் பல்லை உடைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அவன் மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் மேசைக்கு மேசை சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி.யே வேண்டாம். ராஜாவாக இருந்தவனைக் குடிதண்ணீர் எந்திரம் துடைக்க அனுப்பினார்கள். ஆனால் அக்காவுக்கு அதைவிட நல்ல மெஷின் அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. யார் அனுமதியும் வேண்டாம், தன் மேசை, தன் மெஷின். குறை என்னவென்றால் அதற்கு அட்டை படிக்கத் தெரியாது. அட்டை படிக்கிற கருவியே கட்டடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. ஃபிளாப்பியில் எழுதிவைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆகட்டும் என்று அக்கா தன் கண்ணையே கருவியாக்கிக்கொண்டாள். தினம் ஐந்து அட்டை சாப்பாட்டுப் பையில் வரும். மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் படித்துத் தட்டெழுதுவாள். மேல்விளிம்பில் நீலப் புள்ளி இடமிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பின்னம்வரை அளந்து அதையும் எழுதுவாள். ஒரு தட்டு முடிய ஒன்றரை வருஷம் ஆனது. கடைசியில், நீலப் புள்ளிப்படி அடுக்கு என்று ஒரு விசை. இரண்டாயிரம் அட்டையும் பழைய வரிசைக்கு வந்து நின்றன. அந்த இருநூறு பேர் எழுதிய மறுதேர்வோடு ஒப்பிட்டாள், ஐந்து பத்து மதிப்பெண்தான் வித்தியாசம். நீலக் கோடு பொய் சொல்லவில்லை. சிவப்புக் கோடு எப்போது விழுந்தது என்று சொல்லத்தான் எந்த மெஷினுக்கும் தெரியவில்லை.

முப்பத்து மூன்றாவது வருஷம் சர்வர் வந்தது. உயரமான கறுப்பு அலமாரிகள், உள்ளே இரைச்சல், பக்கத்தில் நின்றால் அனல். இத்தனை காலம் சின்னதாகிச் சின்னதாகி வந்தவை கூட்டம் சேர்ந்ததும் வால்வு மெஷினைவிட அதிகமாகக் குளிர் கேட்டன. என்னைத் தேடிப்பிடித்துத் திரும்பவும் ராஜா ஆக்கினார்கள். அந்தக் கூடத்துக்குக் கோட்டுவின் பெயரை வைப்பதாக முடிவு செய்தார்கள், கணினியைக் கொண்டுவந்த மகானாம். அவனையே கூப்பிட்டுப் பெயர்ப்பலகையைத் திறக்கச் சொல்லியிருந்தார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா ஏ.சி. அறைக்கு இறங்கி வந்தாள். கம்ப்ரஸரின் மேல் நாலு அட்டைகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் கருத்த எண்ணெயில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. இடது கட்டைவிரல், நுனி சாய்வாக வெட்டுப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் விசிறி தின்ற என் விரல் அது. வேறு எவன் கையும் அப்படிப் பதியாது.

"இது எப்படி இதுல வந்துச்சு?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள். கம்ப்யூட்டரில் தட்டெழுதும்போதே கைரேகையைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அது நடந்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக வாரம் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உன் பொண்ணு படிச்சு முடிக்கட்டும்னு விட்டு வச்சேன். இப்ப அவ சொந்தக் கால்ல நிக்கிறா. நீ மேடையில சொல்றியா, இல்ல வீட்டுல நான் சொல்லட்டுமா?"

மேடையிலேயே சொல்கிறேன் என்றேன். என் மனைவியை மட்டும் விழாவுக்குக் கூட்டிவர வேண்டாம், முழங்கால் வலி, படி ஏறமாட்டாள் என்று கேட்டுக்கொண்டேன். அக்கா பதில் சொல்லாமல் அட்டைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தி அவ்வளவுதான்.

விழாவில் முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கோட்டு மேடை நடுவில் இருந்தான். எழுபத்தொரு வயது, அதே நிறத்தில் புதுக் கோட்டு. இருக்கிறவர்களில் மூத்தவள் என்று அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவள் ஐந்து மெஷின்களையும் ஐந்து பிள்ளைகள் மாதிரி வரிசைப்படுத்திப் பேசினாள். முதலாவது பச்சைக் குழந்தை, ஊட்டினதை எல்லாம் விழுங்கும். இரண்டாவது சந்தேகப் பிராணி, ஆனால் பெரிய இடத்தில்தான் காது கொடுக்கும். மூன்றாவது எல்லோரையும் உள்ளே விட்டு ஒருவனிடம் மட்டும் சாவியைக் கொடுக்கும். நாலாவது தனிக்குடித்தனம் போய், தாத்தாவின் பேச்சையே மறந்துவிட்டது. ஐந்தாவதற்கு எல்லாம் தெரியும், ஆனால் தப்பைக் கொடுத்தால் அந்தத் தப்பை ஒரு நொடியில் ஊர் முழுக்கக் கொண்டு சேர்க்கும். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. கோட்டுவும் கைதட்டினான்.

"இப்ப இருக்கிறது யார் தொட்டாலும் எழுதி வைக்கும்" என்றாள் அக்கா. "அந்த முதல் மெஷினுக்கு அது தெரியாது. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு ஆள் இருந்தான். அவன் பேசுவான்."

என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒலிவாங்கியை நீட்டினாள். நான் பேசினேன். வழுக்கியது, விழுந்தது, பொறுக்கியது, சிவப்புக் கோடு, எதையும் விடவில்லை. பாதியில் எனக்கே ஒரு ருசி வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் தோளைத் தட்டினவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அந்த முகத்தில் ஈயாடவில்லை. பேசி முடிப்பதற்குள் அவன் எழுந்து, என் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"தண்ணியைச் சொட்டவிட்டவன் நீ. கீழ போட்டது மட்டும்தான் நான்" என்று கத்தினான்.

கூடம் முழுக்க ஒலிபெருக்கியில் அது கேட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அக்கா மேடையின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பெயர்ப்பலகையின் திரையை யாரும் இழுக்கவில்லை. கோட்டு பின்வழியாகப் போனான், வண்டிவரை துணைக்கு ஒருவரும் போகவில்லை. அவனை அப்புறம் எந்த விழாவுக்கும் யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுச் சாப்பாடு இல்லை, வெளிச் சாப்பாடு. மேடையிலிருந்து இறங்கியபோதே என் மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டில் அவள் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் திருத்திய சான்றிதழ் வந்தது, கணக்கில் தொண்ணூற்றெட்டு. அன்றே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். வயது வரம்பு தாண்டிவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள்.

அக்காவைப் பற்றி எழுதும் வேலை வந்ததும், "நீங்க எழுதுங்க, நான் திருத்தறேன்" என்றாள் என் மனைவி. முதலில் எழுதியதில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை, திருப்பித் தந்தாள். இரண்டாவதில் தண்ணீர் வந்தது, மூன்றாவதில் வாளி வந்தது, அப்புறம் எண்ணெய்க் கையும் என் இளிப்பும் வந்தன. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தின் அடியில் 'இன்னும் இருக்கிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதித் தருவாள். நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவே இவ்வளவுதான் கேட்டாள், உனக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று கத்திவிட்டேன்.

"கல்யாணம் பேசி முடிச்ச அன்னைக்கு வாசல்ல நான் உங்களை ஒண்ணு கேட்டேன். அதை எழுதுங்க."

எழுதுகிறேன். அன்று நான் கிளம்பும்போது அவள் தனியாக வாசல்வரை வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். அந்த மெஷின் அறையில்தானே வேலை, அன்றைக்கு நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா, பார்த்திருந்தால் இப்போது சொல்லிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன் என்றாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இல்லையே, நான் ஒண்ணும் பார்க்கலையே" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.